நீர்மட்டம் போடுறீங்க சரி, கசிவு எவ்வளவுன்னும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை 30 வருஷத்துக்கு மேல படிக்கிறேன். மழை ஆரம்பிச்சா அணை நிலவரம்னு ஒரு சின்ன கட்டம் போடுவீங்க, நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவுன்னு. பேப்பரைப் பிரிச்சதும் முதல்ல அங்கதான் என் கண்ணு போகும். 26 வருஷம் ஒரு பழைய அணையில லஸ்கரா, அதாவது அணையைப் பாத்துக்கற கடைநிலை ஊழியரா இருந்தவன் நான், அந்த மாதிரி நம்பரை எல்லாம் எடுத்து எழுதுறதுதான் எனக்கு வேலை. எந்த அணைன்னு இங்க சொல்லல, ஏன்னா நான் எழுத வந்த விஷயம் எல்லா பழைய அணைக்கும் பொருந்தும், ஒரு ஊர் பேரைப் போட்டா அந்த ஊர் பிரச்சனைன்னு மத்தவங்க நகர்ந்துடுவாங்க.

அந்த கட்டத்துல இன்னொரு வரி சேருங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். அணையில கசிவு நீர் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், போன மாசம் இதே நீர்மட்டத்துல எத்தனை லிட்டர். அவ்வளவுதான்.

கசிவுன்னு போட்டா ஜனங்க பயந்துடுவாங்களேன்னு நீங்க நினைக்கலாம். கசியாத அணைன்னு உலகத்துலயே கிடையாது சார். மண் அணையா இருந்தாலும் கல் அணையா இருந்தாலும் கொஞ்சம் தண்ணி ஊறி வெளிய வரத்தான் செய்யும், அது எந்த வழியா வரணும் எவ்வளவு வரணும்னு கணக்கு போட்டுத்தான் கட்டி இருப்பாங்க. வழக்கமா வர்ற அளவு மாறுதான்னு பாக்கணும், வர்ற தண்ணி தெளிவா இருக்கான்னு பாக்கணும். நாங்க பாத்தது அதைத்தான்.

எப்படி பாப்போம்னு சொல்றேன், வெளியில இருக்கறவங்களுக்கு தெரிய வாய்ப்பில்ல. அணைக்கு உள்ளயே ஒரு சுரங்கப்பாதை போகும், கேலரின்னு சொல்லுவோம். காலையில டார்ச்சும் ரெஜிஸ்டரும் எடுத்துட்டு 118 படி இறங்கணும். உள்ள எந்த மாசமும் ஒரே குளிர்தான், சுவர் முழுக்க சுண்ணாம்பு கரைஞ்சு வந்து மெழுகு வழிஞ்ச மாதிரி வெள்ளையா படிஞ்சு இருக்கும், ஓரமா ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். வாய்க்கால் முடியற இடத்துல ஒரு தகடு நிறுத்தி நடுவுல முக்கோணமா வெட்டி இருப்பாங்க, அதுக்கு வி நாட்ச்னு பேரு. தகட்டுக்கு கொஞ்சம் முன்னாடி அளவுகோல் இருக்கும், தண்ணி எத்தனை மில்லிமீட்டர் நிக்குதுன்னு பாத்து எழுதிட்டு வந்தா ஆபீஸ்ல அட்டவணையை வச்சு லிட்டராக்கிடுவாங்க. எனக்கு வேலை கத்துக்கொடுத்த அண்ணன், நான் சேர்ந்தப்பவே அவருக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருந்துச்சு, அவர் முதல் நாளே ஒரு கண்ணாடி பாட்டிலை கையில கொடுத்தார். "தம்பி, நம்பரை எழுதுறதுக்கு முன்னாடி இதுல தண்ணி பிடிச்சு டார்ச் வெளிச்சத்துல பாரு, தண்ணி கூடி இருந்தா எழுதிட்டு வந்து சொல்லு, கலங்கி இருந்தா எழுதிட்டு நிக்காத, ஓடி வந்து சொல்லு"ன்னார்.

கலங்கினா ஏன் ஓடணும்னா, தண்ணி தனியா வரல, அணையோட மண்ணையோ அஸ்திவாரத்து மண்ணையோ சேத்து எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். மண் கரைக்குள்ள ஒரு நூல் அளவு வழி விழுந்து, அது வழியா மண்ணு போய், வழி பெருசாகி, பெருசானதால தண்ணி இன்னும் வேகமா வந்து, இன்னும் மண்ணை அரிச்சுன்னு போய்க்கிட்டே இருக்கும், இன்ஜினியருங்க பைப்பிங்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல இடாஹோ மாநிலத்துல டீட்டன்னு ஒரு அணை, 93 மீட்டர் உயரம், 1976 ஜூன் 5ந்தேதி காலையில ஏழு ஏழரை மணிக்கு கலங்கல் கசிவைப் பாத்தாங்க, ஓட்டையை அடைக்க புல்டோசர் விட்டாங்க, அந்த புல்டோசருங்களையே ஓட்டை உள்ள இழுத்துக்கிச்சு, மதியம் 12 மணிக்கு முன்னாடியே கரை உடைஞ்சு போச்சு. 11 பேர் செத்தாங்க. அது பழைய அணை இல்ல, முதல் தடவையா தண்ணி நிரப்பிட்டு இருந்த புது அணை, அது எனக்கும் தெரியும். ஆனா கலங்கல் தெரிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும்னு புரிஞ்சுக்க அதைவிட நல்ல உதாரணம் இல்ல, அஞ்சு மணி நேரம் கூட கிடைக்கல.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கம் 1963 டிசம்பர் 14ந்தேதி உடைஞ்சது. அங்க காவலுக்கு இருந்தவர் காலையில 11 மணிவாக்குல வழக்கமா சுத்திப் பாக்கப் போனப்ப, வடிகால் பக்கம் தண்ணி ஓடுற சத்தம் வழக்கத்துக்கு மாறா கேட்டிருக்கு. காதுலதான் கேட்டிருக்கு முதல்ல, மீட்டர்ல தெரியல. அவர் போய் சொல்லி, ஆளுங்க இறங்கிப் பாத்தா கலங்கல் தண்ணி, உடனே போலீஸ் வீடு வீடா போய் ஜனங்களைக் கிளப்பினாங்க. சாயங்காலம் 3:38க்கு கரை பொளந்துச்சு, நூத்துக்கணக்கான வீடு போச்சு, 5 பேர் இறந்தாங்க. அன்னிக்கு அந்த மனுஷன் லீவுல இருந்து பதிலுக்கு ஆள் போடாம விட்டிருந்தா எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. தினமும் அதே இடத்துக்குப் போறவனுக்குத்தான் நேத்து கேக்காத சத்தம் இன்னிக்கு கேக்குதுன்னு தெரியும்.

கசிவு குறைஞ்சாலும் நிம்மதியா இருக்க முடியாது, இது நிறைய பேருக்கு தெரியாது, சில அதிகாரிங்களுக்கே தெரியறதில்ல. கல் அணை, கான்கிரீட் அணைக்கு அடியில தண்ணி புகுந்து கீழ இருந்து அணையைத் தூக்கப் பாக்கும். அந்த அழுத்தத்தை வெளிய விடத்தான் அஸ்திவாரத்துல வரிசையா வடிகால் துளை போட்டு வச்சிருப்பாங்க. வருஷம் ஆக ஆக சுண்ணாம்பு படிஞ்சு துளை அடைச்சுக்கும், அப்ப கசிவு கணக்கு அழகா குறைஞ்சுக்கிட்டே வரும், அணை நல்லா இருக்குன்னு எழுதிடுவாங்க, அடியில அழுத்தம் ஏறிட்டு இருக்கும். ஒரு வருஷம் எங்க கேலரியில 7வது துளையும் 8வது துளையும் சொட்டு கூட வராம நின்னுடுச்சு. நான் போய் சொன்னா "நல்லதுதானேய்யா, விடு"ன்னு பதில் வந்துச்சு. அப்புறம் புதுசா வந்த ஒரு இன்ஜினியரம்மா, ரொம்ப சின்ன வயசு, அவங்க அடியில இருக்கற தண்ணி அழுத்தத்தைக் காட்டற பீசோமீட்டர் கணக்கையும் என் ரெஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு மணி நேரம் பாத்தாங்க. அழுத்தம் ஏறி இருந்துச்சு. மறு வாரமே ட்ரில் வரவழைச்சு ரெண்டு துளையையும் குடைஞ்சு சுத்தம் பண்ண வச்சாங்க, 8வது துளையில அடைப்பு விட்டதும் தண்ணி முழங்கால் உயரத்துக்கு பீச்சி அடிச்சது, நாங்க எல்லாரும் நனைஞ்சு போனோம். அன்னிக்கு அந்த அம்மா முகத்துல இருந்த பயம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இப்ப ஏன் இதைப் பேசறேன்னா அணைங்களுக்கு வயசாகிடுச்சு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2021ல ஒரு அறிக்கை விட்டது, உலகத்துல 58,700 பெரிய அணைங்க இருக்கு, பெரும்பாலானது 1930ல இருந்து 1970க்குள்ள கட்டினது, கட்டும்போது 50ல இருந்து 100 வருஷம் வரைக்கும் தாங்கும்னு கணக்கு போட்டதுன்னு அதுல இருக்கு. வருஷத்தைக் கூட்டிப் பாத்தாலே தெரியும், நிறைய அணை அந்தக் கணக்கைத் தொட்டுடுச்சு, தாண்டியும் போயிடுச்சு. வயசானா உடனே இடிச்சுடணும்னு நான் சொல்லல, நல்லா பாத்துக்கிட்ட பழைய அணை, பாத்துக்காத புது அணையை விட கெட்டியாவே இருக்கும். பாத்துக்கணும், அதுதான் விஷயம்.

வயசுனால வர்ற பாதிப்பு வெளிய பாத்தா தெரியாது. கனடாவுல மாக்டக்வாக்னு ஒரு அணை, 1968ல ஓட ஆரம்பிச்சது, 100 வருஷம் கணக்கு போட்டாங்க. ஜல்லிக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவுல ஒரு ரசாயன வினை நடந்து கான்கிரீட்டே மெல்ல மெல்ல உப்பிக்கிட்டு இருக்கு, உப்பற கான்கிரீட்டுக்கு இடம் விடறதுக்காக அணையையே கம்பி ரம்பம் வச்சு அறுத்து அறுத்து விட்டிருக்காங்க. கலிபோர்னியாவுல ஃபால்சம் அணை, 1995 ஜூலையில ஒரு ஷட்டரைத் திறந்துட்டு இருக்கும்போதே மடங்கி உடைஞ்சது, தேக்கத்துல இருந்த தண்ணியில கிட்டத்தட்ட 40 சதவீதம் ஓடிப் போச்சு. காரணம் என்னன்னு தோண்டிப் பாத்தா, ஷட்டர் திரும்பற அச்சுல வருஷக்கணக்கா துருப்பிடிச்சு உராய்வு கூடிக்கிட்டே வந்திருக்கு. துரு. கிரீஸ் போட வேண்டிய இடத்துல துரு. துங்கபத்ரா அணையில 2024 ஆகஸ்ட் 10ந்தேதி ராத்திரி 33 ஷட்டர்ல 19வது ஷட்டரோட சங்கிலி அறுந்து ஷட்டரே அடிச்சுட்டு போனது நீங்களே செய்தியா போட்டிருப்பீங்க, 70 வருஷ சங்கிலி. தண்ணி பாஞ்சுட்டு இருக்கும்போதே ஷட்டர் நிபுணர் கன்னையா நாயுடு தலைமையில இரும்புத் தடுப்பு இறக்கி ஒரு வாரத்துல அடைச்சாங்க, அந்த வேலையைச் செஞ்சவங்களுக்கு கையெடுத்துக் கும்பிடணும். ஷட்டர் மேல நின்னு வேலை பாத்தவன் நான், அந்த இரைச்சல்ல பக்கத்துல நிக்கறவன் பேசறது கூட கேக்காது.

ஷட்டர் கண்டிஷனைப் பத்தி இன்னொரு விஷயம். வெள்ளம் வரும்போதுதான் கரண்ட் போகும். ஸ்பெயின்ல தோஸ் அணையில 1982 அக்டோபர்ல அதுதான் ஆச்சு, பேய் மழை, கரண்ட் இல்ல, ஷட்டரைத் திறக்க முடியல, தண்ணி கரைக்கு மேல ஏறி அணையே போச்சு. ஜெனரேட்டர் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, கடைசியா என்னிக்கு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்கன்னு கேளுங்க.

மழைக் கணக்கு வேற. மண் கரை மேல தண்ணி ஏறி வழிஞ்சா முடிஞ்சது கதை, கொஞ்ச நேரத்துல அரிச்சு எடுத்துடும். குஜராத்ல மோர்பி ஊருக்கு மேல இருந்த மச்சு 2 அணை 1979 ஆகஸ்ட் 11ந்தேதி அப்படித்தான் போச்சு. கலிங்குல, அதாவது உபரித் தண்ணி வெளியேறற வழியில, எவ்வளவு தண்ணி போகும்னு கணக்கு போட்டாங்களோ அதைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு வந்துச்சு, சில ஷட்டரைத் திறக்கவும் முடியல. எத்தனை பேர் செத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரே கணக்கு இல்ல, 2,000ம்பாங்க, 20,000த்துக்கு மேலம்பாங்க. சீனாவுல பான்சியாவ் அணை 1975 ஆகஸ்ட்ல புயல் மழையில உடைஞ்சப்ப கூடவே 60 அணைக்கு மேல உடைஞ்சது, செத்தவங்க கணக்கு பல்லாயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்தைத் தாண்டிப் போகுது. அங்க சென் ஷிங்னு ஒரு நீரியல் நிபுணர் 12 மதகு வேணும்னு முன்னாடியே சொன்னார், அதிகம்னு சொல்லி 5 தான் வச்சாங்க. அணை உடைஞ்ச ராத்திரி போன், தந்தி லைன் எல்லாம் அறுந்து கீழ இருந்தவங்களுக்கு சேதி போகவே இல்ல.

சேதி போகலைன்னு சொல்றேன்ல, எனக்கு தூக்கம் வராத இடம் அதுதான். லிபியாவுல டெர்னா ஊருக்கு மேல 1970கள்ல கட்டின ரெண்டு அணை, 2023 செப்டம்பர்ல டேனியல் புயல் மழையில நடு ராத்திரி ஒண்ணு பின்னால ஒண்ணா உடைஞ்சு ஆயிரக்கணக்கான ஜனம் தூங்கிட்டு இருந்தபடியே கடலுக்குப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான், 2022ல, உமர் அல் முக்தார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருத்தர் இந்த அணைங்களை உடனே பராமரிக்கணும், பெரிய வெள்ளம் வந்தா பேரழிவு ஆகும்னு கட்டுரையே எழுதி இருந்தார். எழுதினது இருந்துச்சு. ஆத்தோரம் குடியிருந்தவங்க எத்தனை பேருக்கு அது தெரியும்?

இதுக்கு நேர்மாறா இங்கிலாந்துல 2019 ஆகஸ்ட்ல டாட்புரூக் அணைன்னு, 1830கள்ல கட்டினது, கலிங்கு கான்கிரீட் பேந்து கரை சரிய ஆரம்பிச்சது. 1,500 பேரை ஊரை விட்டு அனுப்பினாங்க, ஹெலிகாப்டர்ல மூட்டை மூட்டையா கொண்டு வந்து போட்டு அடைச்சு, பம்ப் வச்சு தண்ணியை இறைச்சாங்க, ஒரு உயிர் போகல. மிச்சிகன்ல ஈடன்வில் அணை, 1924ல கட்டினது, வெள்ளத்தைத் தாங்கற அளவுக்கு கலிங்கு இல்லன்னு 2018லயே லைசென்ஸை ரத்து பண்ணாங்க, அப்பவும் சரி பண்ணாம 2020 மே மாசம் உடைஞ்சது, ஆனா கிட்டத்தட்ட 10,000 பேரை முன்னாடியே நகர்த்திட்டதால சாவு இல்ல. ஜனங்ககிட்ட சொன்னா பீதி ஆகும்னு பேசறவங்க இந்த ரெண்டு ஊரையும் பாக்கட்டும். சொன்னதால யாரும் சாகல, சொல்லாம விட்ட இடத்துலதான் செத்தாங்க.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லியே ஆகணும். நான் ரிட்டயர் ஆனதும் என் இடத்துக்கு ஆள் போடல. நாலு வருஷம் கழிச்சு பென்ஷன் பேப்பர் விஷயமா அந்த ஆபீஸ் போனப்ப மேஜை மேல கசிவு ரெஜிஸ்டர் கிடந்துச்சு, கை சும்மா இருக்குமா, புரட்டினேன். 42 மில்லிமீட்டர். மறுநாள் 42. அதுக்கு மறுநாளும் 42. பக்கத்தைத் திருப்பறேன் திருப்பறேன், மூணு மாசம் 42. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே உட்கார்ந்த இடத்துல எழுதினதுன்னு பாத்தாலே தெரியுது. பக்கத்து ரெஜிஸ்டர்ல அதே மூணு மாசத்துல நீர்மட்டம் 19 அடி ஏறி இருக்கு. நீர்மட்டம் 19 அடி ஏறினா கசிவு ஒரு மில்லிமீட்டர் கூட அசையாம இருக்க சாமியே வந்தாலும் முடியாது. எழுதின பையனை நான் குத்தம் சொல்லல, அவனுக்கு ஒப்பந்தச் சம்பளம், மூணு இடத்தை அவன் ஒருத்தனே பாக்கணும், கேலரியில லைட்டு எரிஞ்சே ஒரு வருஷம் ஆச்சாம், இருட்டுல தனியா அந்தப் படியில யாரு இறங்குவா. ஆனா அந்த 42ஐ மேல இருக்கற நாலு பேர் பாத்து கையெழுத்து போட்டிருக்காங்களே, அதை நினைச்சாதான் வயிறு எரியுது. அன்னிக்கு நான் சொன்னேன், சரிங்க பாக்கறோம்னாங்க. எழுதியும் கொடுத்தேன், பதில் இல்ல.

சட்டம் இல்லாம இல்ல. இந்தியாவுல 2021ல அணை பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆய்வு பண்ணணும், அவசர காலத்துக்கு செயல்திட்டம் வச்சிருக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. பிரிட்டன்ல 1925ல வேல்ஸ் பக்கம் டால்காரோக்ல அணை உடைஞ்சு 16 பேர் செத்த பிறகு 1930ல சட்டம் போட்டாங்க, இன்னிக்கும் பெரிய நீர்த்தேக்கங்களை 10 வருஷத்துக்கு ஒரு தடவையாவது சம்பந்தமில்லாத தனி இன்ஜினியர் வந்து பாக்கணும். சட்டத்துல எழுதினது ரெஜிஸ்டர்ல 42 ஆகிடாம இருக்கணும்னா, அந்த ரெஜிஸ்டரை வெளி ஆள் யாராவது பாக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வர்றேன்.

உங்க நிருபர் தினமும் கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு நீர்மட்டம் கேக்கறார், அதே போன்ல கசிவு எவ்வளவுன்னு கேக்கச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு நாள், எத்தனை ஷட்டர், அதுல ஒவ்வொண்ணையும் கடைசியா எப்ப ஏத்தி இறக்கிப் பாத்தாங்கன்னு கேக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, அணை உடைஞ்சா எந்தெந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்துல தண்ணி வரும்னு வரைபடம் போட்டு வச்சிருக்காங்களான்னு கேட்டு, இருந்தா அதை முழுப் பக்கமா அச்சடிங்க, இல்லைன்னா இல்லைன்னு போடுங்க. முதல்ல கொடுக்க மாட்டாங்க, மேல கேக்கணும்பாங்க. ஒரு வாரம் கட்டத்துல அந்த வரியை மட்டும் "தகவல் தரவில்லை"ன்னு போட்டுப் பாருங்க, எட்டாவது நாள் யாராவது டார்ச் எடுத்துட்டு கேலரிக்குள்ள இறங்குவாங்க. லைட்டு போட்டுக் கொடுப்பாங்க. காலியா கிடக்கற இடத்துக்கு ஆள் வரும்.

வர்ற நம்பர் உண்மையா சும்மா எழுதினதான்னு நிருபருக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நீர்மட்டத்தையும் கசிவையும் பக்கத்துல பக்கத்துல பத்து நாளைக்கு எழுதி வச்சா சின்னப் புள்ளைக்கு கூட தெரிஞ்சுடும். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணும் ஏறணும், மழை பெஞ்ச அன்னிக்கு கொஞ்சம் கூடிட்டு அப்புறம் இறங்கணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம போனா போன் போட்டு ஏன்னு கேக்கணும். சந்தேகம்னா என்னைக் கூப்பிடுங்க, முழங்கால் வலி இருந்தாலும் 118 படி இறங்கிடுவேன், உங்க நிருபருக்கு வி நாட்ச் எப்படிப் பாக்கறது, பாட்டில்ல எப்படிப் பிடிச்சுப் பாக்கறதுன்னு பத்து நிமிஷத்துல காட்டிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அணை லஸ்கர் ஒருவர்